மெலிந்த உறை: புள்ளியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



புள்ளியியலில் மேற்பட்டம் பெறவேண்டும் என்னும் ஆவலினால் சென்ற கார்த்திகை மாதத்தில் அமெரிக்கச் சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு, தை பிறந்தது முதல் பங்குனி கழியும் வரையில் நாள்தோறும் விடியற்காலையில் பல் துலக்குவதற்கு முன்னதாகவே கைபேசியை எடுத்துப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த மறுப்புகளை வீட்டில் ஒருவருக்கும் காட்டாமல் மூடி வைத்துக்கொண்ட உங்களை நான் முகம் அறியேன். ஆயினும் உங்களில் ஒருத்தியை நன்றாக அறிவேன்.

கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர்களின் பெண் அவள். சித்திரை மாதத்து மாலை ஒன்றில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீட்டினாள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த அட்டவணை அதில் இருந்தது. முதல் நிரலில் ஒன்பது சர்வகலாசாலைகளின் பெயர், அடுத்ததில் விண்ணப்பக் கட்டணம், மேலே மையினால் டாலரிலும் கீழே பென்சிலால் ரூபாயிலும், மூன்றாவதில் கடைசித் தேதி, நான்காவதில் முடிவு. ஒன்பது கட்டங்களிலும் 'இல்லை' என்றே எழுதியிருந்தாள். முதல் நாலைந்து 'இல்லை'கள் முழு எழுத்தில் வடிவாக இருந்தன. அப்புறம் வந்தவை வெறும் 'இ'யாகச் சுருங்கிவிட்டன. ரூபாய்க் கணக்கின் அடியில் கூட்டுத்தொகை போட்டு இரட்டைக் கோடு இழுத்திருந்தாள்: எழுபதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அது அவளுடைய தாயார் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம் என்பது தெரு முழுவதற்கும் தெரிந்த விஷயம்.

"அப்போ நான் இதுக்கு லாயக்கில்லைன்னுதானே தாத்தா அர்த்தம்?" என்று கேட்டாள்.

முப்பது வருஷ காலம் அந்நிய நாட்டில் புள்ளியியல் போதித்துவிட்டு வந்த எனக்கு, இரண்டு வார்த்தைகளில் விடை சொல்லவேண்டிய அந்தக் கேள்விக்கு அன்றைக்கு வாய் எழவில்லை. அதன் பின் பல நாள் யோசித்து, அவளுக்கும் அவளைப் போன்ற உங்கள் அனைவருக்குமாக இந்த மடலை எழுதத் துணிந்தேன். வயதானவனுடைய எழுத்து, நீளுமாயின் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1971-ஆம் வருஷம் நான் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். அதற்கு மேல் எனக்குச் சக்தி இல்லை. ஒற்றை டாலர் வாங்குவதற்கும் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. இன்று உங்களுக்குக் கைபேசியில் வருகின்ற முடிவு அன்று எங்களுக்குத் தபாலில் வந்தது. உறை கனத்திருந்தால் இடம் கிடைத்தது என்று பொருள். படிவங்களும் விடுதி விவரங்களும் விசாவுக்கு வேண்டிய காகிதமும் உள்ளே அடைந்திருக்கும். மெலிந்த உறைக்குள் ஒரே ஒரு தாள். தபால்காரர் அதை நீட்டும்போதே, கண் மேல்விலாசத்தைப் படிக்குமுன், விரல்களுக்குச் சமாசாரம் தெரிந்துவிடும். நான்காவது மெலிந்த உறையும் வந்த அன்று, அதைப் பிரிக்கத் தைரியமின்றி, ஃபெல்லர் எழுதிய நிகழ்தகவு நூலின் முதற்பாகத்துக்குள் செருகி வைத்துவிட்டேன். நூல் கல்லூரி நூலகத்தினுடையது. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய தவணை வந்து சேர்ந்ததனால்தான், மூன்றாம் நாள், வேறு வழியின்றி உறையைக் கிழித்தேன்.

தகுதி வாய்ந்த விண்ணப்பதாரர்களின் எண்ணிக்கை எங்களிடம் உள்ள இடங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் மீறிவிட்டது என்றும், ஆகவே வருந்துகிறோம் என்றும் அதில் எழுதியிருந்தது. நான்கு கடிதங்களிலும் ஏறக்குறைய இதே வாசகம். இதனை நான் உபசாரப் பொய் என்றே கொண்டேன். உனக்கு யோக்கியதை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற கனவான்கள், மரியாதையின் பொருட்டுக் கண்டுபிடித்து வைத்திருக்கும் சம்பிரதாய வாக்கியம் என்று நினைத்து, அதன் பின்னால் ஒளிந்திருப்பதாக நான் கருதிய நிஜமான வாக்கியத்தை ஈராண்டு காலம் மனத்துக்குள் பலவாறாக எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு கல்லூரியில் டியூட்டராக இருந்துகொண்டு மறுபடியும் எழுதிப்போட்டு, முன்பு நான் பெயரே கேட்டிராத ஓரிடத்தில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்து, பட்டம் பெற்று, பிற்பாடு வேறோரிடத்தில் ஆசிரியனாக அமர்ந்து, அவ்விடத்துச் சேர்க்கைக் குழுவில் அங்கத்தினனாகி, அதே வாசகத்தின் கீழே என் கையெழுத்தை நானே இட்ட நாளில்தான், அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதை அறிந்துகொண்டேன்.

அந்தக் குழு உட்கார்ந்திருந்த மேஜையை உங்களுக்குக் காட்டவேண்டும். ஜனவரி மாதத்துப் பிற்பகல். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே ஐந்து பேராசிரியர்கள். மேஜைமீது, அக்காலத்தில், காகிதக் கோப்புகள். பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் பல நூறு விண்ணப்பங்கள் வந்திருக்கும். முதல் வாசிப்பில் ஒரு கோப்புக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் அதுவே அதிகம். உச்சியில் சில கோப்புகள் தாமாகவே பிரிந்து நிற்கும். அவற்றுக்கு உரியவர்கள் எங்களைவிடப் பெயர் பெற்ற இடங்களுக்குப் போய்விடுவார்கள் என்பது எங்களுக்கே தெரியும். அடியிலும் சில பிரியும். கணக்குப் பாடத்தையே போதிய அளவு படியாதவர்கள். நடுவில் மிஞ்சுகிற பெருங்குவியல் இருக்கிறதே, அதுதான் எங்களுக்குத் தலைவேதனை. அதிலுள்ளவர்களில் பெரும்பாலோரைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தாலும் படித்துத் தேறிவிடுவார்கள். ஆனால் சேர்ப்பதற்கு இடம் இல்லை. இடம் எத்தனை என்பதோ உங்கள் கோப்புகளால் நிர்ணயிக்கப்படுவதன்று. சென்ற வருஷம் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் எங்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டு வந்துவிட்டார்களா, இளங்கலை வகுப்புகளுக்கு உதவியாசிரியர்களாக வைத்துக்கொள்ள இந்த வருஷம் எத்தனை பேருக்குப் பணம் இருக்கிறது, ஆராய்ச்சி மானியங்களில் எது புதுப்பிக்கப்பட்டது, எது நின்றுபோயிற்று: இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துத் துறைத்தலைவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புகிற எண்தான் இடம் என்பது.

ஒரு பிற்பகல் என் நினைவைவிட்டு அகல்வதில்லை. இரண்டு கோப்புகள், ஓரிடம். மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை, சிபாரிசுகளிலும் இல்லை. ஒரு விண்ணப்பதாரர், கூறெடுப்பு முறைகளில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று மிகத் தெளிவாக, அந்த ஐந்து பேரில் எவராலும் குறைகாண இயலாத விதத்தில், இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எங்களிடம் கூறெடுப்பில் வல்லவர் ஒருவரே; அவர் அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுவதாகத் தீர்மானித்து, அச்செய்தியைத் துறைத்தலைவருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரிவித்திருந்தார். வழிகாட்ட ஆளில்லாத இடத்துக்கு ஒருவரை அழைப்பது அநியாயம் என்று பேசி, மற்றவரைத் தேர்ந்தோம். மெலிந்த கடிதத்தை நான்தான் எழுதினேன். உலகத்தின் எந்த மூலையிலோ அந்த மனிதர் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, தம்முடைய அறிவின் குறை எதுவென்று வரிகளுக்கிடையே தேடியிருப்பார். வரிகளுக்கிடையே இருந்ததோ எங்கள் சகா ஒருவருடைய ஓய்வூதிய விண்ணப்பம்.

நம்முடைய சாஸ்திரத்தில் நிராகரித்தல் என்ற சொல்லுக்கு ஒரு திட்டமான பொருள் உண்டு. நிராகரிக்கப்படுவது ஒரு கருதுகோள். அதைச் செய்கிறவன், இன்ன தரவின்மேல், இன்ன பிழைக்கு இவ்வளவு இடம் கொடுத்து இந்தத் தீர்மானத்துக்கு வந்தேன் என்று முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டவன். நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933-இல் அதற்கு இலக்கணம் வகுத்தபோது, பிழைகள் இரண்டு வகை என்றும், ஒன்றைக் குறைக்கப் புகுந்தால் மற்றது பெருகும் என்றும் காட்டினார்கள். தேறமாட்டாதவனைச் சேர்த்துக்கொள்வது ஒரு பிழை. தேறக்கூடியவனைத் தள்ளிவிடுவது மற்றொரு பிழை. சேர்க்கைக் குழு அஞ்சுவது முன்னதற்கு மட்டுமே. சேர்த்த மாணவன் இரண்டாம் வருஷத் தகுதித் தேர்வில் தோற்றால், அவன் ஒவ்வொரு நாளும் நடைகூடத்தில் எதிர்ப்பட்டு எங்கள் தவற்றை நினைவூட்டுவான். தள்ளிவிடப்பட்டவனோ எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அவன் வேறெங்கோ போய்ப் பெரிய காரியம் செய்தால், அந்தச் செய்தி எங்கள் மேஜைக்குத் திரும்பி வருவதும் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு ஏபிரகாம் வால்டின் ஞாபகம் வருகிறது. வியன்னாவில் கணிதத்தில் பட்டம் பெற்றும், யூதர் என்ற காரணத்தால் அங்கே சர்வகலாசாலை உத்தியோகம் கிடைக்கப் பெறாமல், 1938-இல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு பட்டுத் திரும்பி வருகிற விமானங்களின் உடலில் எந்தெந்தப் பாகத்தில் எத்தனை ஓட்டைகள் என்ற கணக்கைக் கொண்டு விமானத்தின் எந்தப் பாகம் பலவீனமானது என்று நிர்ணயிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. திரும்பி வராத விமானங்களைப் பற்றிய தரவு ஒருவரிடமும் இல்லை என்பதையே தம் யோசனைக்கு அவர் அஸ்திவாரமாக்கிக்கொண்டார். ஓட்டை விழாத இடத்தில் குண்டு படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே பட்டவை கீழே விழுந்துவிட்டன. இந்த உதாரணத்தை உங்களுக்குப் பாடமாகவே சொல்லியிருப்பார்கள். ஆனால் பெயர்பெற்ற எந்தச் சேர்க்கைக் குழுவும், திரும்பி வந்த விமானங்களை மட்டும் எண்ணிக்கொண்டு, எங்கள் தேர்வு முறை அபாரமானது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வருகிறது என்பதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நானும் அப்படி மெச்சிக்கொண்டிருந்தவன்தான்.

வால்டு, இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் இங்கே சொற்பொழிவுகள் நிகழ்த்த வந்தவர், 1950-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மனைவியோடு ஏறிச் சென்ற விமானம் நம்முடைய நீலகிரி மலையில் மோதி மாண்டார். தீர்மானங்களின் விலையைக் கணிதமாக்கிய அவருடைய பெரிய நூல் வெளியானதும் அதே வருஷத்தில். கோத்தகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டே செல்வது என் வழக்கம். அதற்குமேல் அதைப்பற்றி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் அட்டவணைக்கு வருகிறேன். இரண்டாம் முறை அவள் வந்தபோது நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வோரிடத்திலும் உனக்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள். இது குறைந்த மதிப்பும் அன்று, பெருமிதமான மதிப்பும் அன்று. ஒன்பது இடத்திலும் தவறுவதற்கு நிகழ்தகவு என்ன? 0.9-ஐ ஒன்பது முறை தன்னோடு பெருக்கினால் ஏறத்தாழ 0.39. ஆகவே உன்னை ஒத்த தகுதியுள்ள நூறு பேரில் முப்பத்தொன்பது பேர் வெறுங்கையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும் என்றேன். அவள் பென்சிலை வாங்கிக்கொண்டு, சிறிது நேரம் அந்தப் பெருக்கலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, இது தப்பு. ஒன்பதும் இண்டிபெண்டண்ட் இல்லையே. எல்லா இடத்துக்கும் போனது அதே மூணு சிபாரிசு லெட்டர்தானே" என்றாள். பிழை என்னுடையது, தேற்றவேண்டும் என்ற அவசரத்தில், முதல் வருஷ மாணவன் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டேன். அதை ஒப்புக்கொண்டதும் அவள் முகத்தில், ஒரு மாதத்துக்குப் பிறகு, கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அவள் சொன்னதை நீங்களும் கவனிக்கவேண்டும். ஒன்பது மறுப்புகளும் ஒன்பது சாட்சிகள் ஆகமாட்டா. ஒரே சாட்சியின் வாக்குமூலத்தை ஒன்பது பேர் தனித்தனியே கேட்டிருக்கிறார்கள். இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. உங்களைப் பற்றி ஒன்பது மடங்கு நிச்சயமாக யாரும் எதையும் நிரூபித்துவிடவில்லை என்பது ஆறுதல். கோப்பில் பழுது இருந்தால் அது ஒன்பது இடத்திலும் அதே பழுதாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது எச்சரிக்கை. ஆதலின் உங்களை நீங்கள் சோதித்துக்கொள்வதை விட்டுவிட்டுக் கோப்பைச் சோதியுங்கள். இரண்டும் வேறு வேறு வஸ்துக்கள்.

நம் ஊர்க் கோப்புகளில் நான் கண்ட பழுதுகளில் தலையாயது சிபாரிசுக் கடிதம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இதில் குற்றம் உங்களுடையதன்று, எங்கள் இனத்தினுடையது. மாணவன் ஆசிரியரிடம் போய்க் கடிதம் வேண்டுமென்று கேட்கிறான். "நீயே எழுதி டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்கிறார் அவர். வாரத்துக்குப் பதினாறு மணி நேரப் பாடமும், விடைத்தாள் கட்டுகளும், தரமதிப்பீட்டுக் குழுவுக்கான படிவங்களுமாக மூழ்கிக் கிடப்பவரை நான் அதிகம் நோகமாட்டேன். ஆனால் அந்த மேஜையில் ஒரு முறை, ஒரே கல்லூரியிலிருந்து மூன்று மாணவர்களுக்கு ஒரே ஆசிரியர் அனுப்பிய மூன்று கடிதங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்தன. மூவரும் கடின உழைப்பாளிகள், மூவரும் ஒழுக்க சீலர்கள், மூவரும் அவர் இதுகாறும் கண்ட மாணவர்களில் தலைசிறந்தவர்கள். மூன்றாவது ஒரு பெண். அவளைப் பற்றிய கடிதத்தின் நடுவில் 'அவன்' என்று மாற்றப்படாமலே இருந்தது. என் சகாக்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அந்தப் பெண்ணின் பகுப்பாய்வு மதிப்பெண்கள் மிக உயர்ந்தவை. ஆயினும் அவளை ஒரு மனிதப் பிறவியாகக் காட்டக்கூடிய ஒரே சாட்சியம் அவளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ஆகையால், ஆசிரியரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே, அவருக்காக நீங்கள் செய்த கருத்தரங்கக் குறிப்பையும், திட்டக் கட்டுரையையும், அவர் கரும்பலகையில் விட்டுச்சென்ற ஒரு படியை நீங்கள் நிரப்பிக் காட்டியிருந்தால் அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போய், அவருக்கு ஞாபகமூட்டுங்கள். பாராட்டு மொழிகள் பத்தைக் காட்டிலும், இந்த மாணவி இன்ன தேற்றத்துக்கு நான் சொன்ன நிரூபணத்தில் இன்ன குறையைக் கண்டாள் என்கிற ஒற்றை வாக்கியம் அந்த மேஜையில் அதிக நேரம் நிற்கும்.

நோக்கவுரை என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு வயது முதற்கொண்டே எண்கள் என்னைக் கவர்ந்தன என்று தொடங்கும் முதல் பத்தியை ஆயிரம் முறை படித்தவன் நான். எண்கள் எல்லாரையும்தான் கவர்ந்திருக்கின்றன. எந்த வினா உங்களைத் தூங்கவிடாமல் செய்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். மெய்யெண் பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் எந்த அளவுக்குப் படித்திருக்கிறீர்கள் என்பதைத்தான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ப்பவர்கள் முதலில் தேடுகிறார்கள். மென்பொருள் சான்றிதழ்களை அடுக்குவதால் அந்தக் குறை தீராது. குறை இருக்குமானால், ஒரு வருஷம் அதைப் படிப்பதில் செலவிடுவது விரயம் ஆகாது. விண்ணப்பத்தைப் பெயர்பெற்ற துறைகளுக்கு மட்டும் அனுப்பாமல், பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் உயிர்ப்புள்ளியியல் துறைகளையும், விவசாயச் சோதனைகளிலிருந்து வளர்ந்த பழைய துறைகளையும் தேடிப் பாருங்கள். ஏப்ரல் 15 வரை காத்திருப்போர் பட்டியல் அசைந்துகொண்டே இருக்கும் என்பதையும் அறிந்து வையுங்கள். அந்தத் தேதிக்குள் மற்றவர்கள் தங்கள் விடையைச் சொல்லியாகவேண்டும் ஆதலால், கடைசி நாளில் திறந்த கதவுகளை நான் கண்டிருக்கிறேன்.

கடல் கடந்தால்தான் கல்வி என்பதும் இல்லை. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இன்று சென்னையிலும் ஒரு கிளை இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்து 1959-இல் தேறிய வரதன், தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுக்கு உதவும் புள்ளியியலைக் கற்கலாம் என்னும் எண்ணத்துடன் கல்கத்தா போனவர். அங்கே சேர்ந்த நண்பர்களால் நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் திரும்பி, 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். டில்லியில் விவசாயப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும், மும்பையில் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. மத்திய அரசின் புள்ளியியல் பணிக்கான தேர்வும் இருக்கிறது. இவற்றை இரண்டாந்தரம் என்று நினைப்பவர்களோடு வாதாட எனக்கு அவகாசம் இல்லை.

தோற்றவர்களைத் தேற்றுவதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வசித்த வீடு இருக்கிறதல்லவா? பரீட்சையில் தவறிய பையன் எவனாயினும், அவனைப் பார்த்து, "இராமானுஜனே எஃப்.ஏ. பாஸ் பண்ணலையே" என்று சொல்லிவிடுவார்கள். நானும் இரண்டு முறை கேட்டுக்கொண்டவன். புள்ளியியல் படித்த பிறகு இந்த ஆறுதலில் எனக்கு நம்பிக்கை போயிற்று. எஃப்.ஏ. தவறிய கும்பகோணத்துக்காரர்களில் இராமானுஜன் ஆகாதவர்களின் ஜாபிதாவை எவரும் வைத்திருக்கவில்லை. திரும்பி வந்த ஒரு விமானத்தைக் காட்டிப் பேசுகிற பேச்சு இது. ஆதலால் இப்போது நான் சொல்லப் போகும் இருவரின் கதையையும், நீங்கள் அவர்களைப் போல ஆவீர்கள் என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளவேண்டாம்.

ராவ், பிளாக்வெல் என்ற இரண்டு பெயர்களையும் ஒரு சிறு கோட்டினால் இணைத்து நீங்கள் தேர்வுகளில் எழுதியிருக்கிறீர்கள். சி. ஆர். ராவ் ஆந்திர சர்வகலாசாலையில் கணிதத்தில் முதன்மையாகத் தேறிய பிறகு ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் காலங்கடந்து வந்தது என்று தள்ளிவிட்டார்கள். யுத்த காலத்தில் ராணுவ நில அளவைப் பிரிவில் கணிதவாதி ஒருவர் தேவை என்றறிந்து கல்கத்தாவுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். அந்த வேலையும் கிடைக்கவில்லை. அங்கே தங்கிய விடுதியில், புள்ளியியல் நிறுவனத்துக்குப் பயிற்சிக்காக வந்திருந்த ஒருவரைச் சந்தித்துப் பேசப் போய், 1941-இல் அவரும் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். நான்கு வருஷங்களில், 1945-இல், இன்று நீங்கள் படிக்கிற கட்டுரை வெளிவந்தது. டேவிட் பிளாக்வெல் இருபத்திரண்டு வயதில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். 1942-இல் பெர்க்லி சர்வகலாசாலை உத்தியோகம் ஒன்றுக்காக நெய்மன் அவரை நேர்முகம் கண்டு விரும்பியும், நிறத்தின் காரணமாக அந்த உத்தியோகம் தவறிற்று. கறுப்பினக் கல்லூரிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றுக்கு எழுதிப்போட்டு வேலை தேடினார். 1947-இல் தம்முடைய கட்டுரையை வெளியிட்டார். 1954-இல் அதே பெர்க்லி அவரை அழைத்துக்கொண்டது. ஒருவரைத் தள்ளிய காரணம் ஒரு தேதி. மற்றவரைத் தள்ளிய காரணம் தோல். முதலாவது அற்பம், இரண்டாவது அநீதி; இரண்டிலும் அவர்களுடைய கணிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர்கள் இருவரும் கண்ட தேற்றம் என்ன சொல்கிறது? கையில் கச்சாவான ஒரு மதிப்பீடு இருக்கிறது. பிறழ்ச்சியற்றதுதான், ஆனால் தற்செயல்களால் தள்ளாடுகிறது. தரவில் உள்ள உண்மையான செய்தி முழுவதையும் தாங்கி நிற்கும் போதுமான புள்ளிமத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு, மீதியுள்ள சம்பந்தமில்லாத தற்செயல்கள் அத்தனையின்மீதும் சராசரி எடுத்துவிட்டால், கிடைக்கிற புதிய மதிப்பீட்டின் பரவற்படி, நீங்கள் வகுப்பில் வேரியன்ஸ் என்று சொல்வது, பழையதைவிட ஒருபோதும் கூடாது, பெரும்பாலும் குறையும். ஓய்வு பெறும் பேராசிரியர், புதுப்பிக்கப்படாத மானியம், ஐந்து மணிக்கு மேல் வாசிக்கப்பட்ட கோப்பு, 'அவன்' என்று விடப்பட்ட ஓரெழுத்து: உங்களுக்கு வந்த கடிதம் இவற்றில் ஒன்றின்மீதும் சராசரி எடுக்கப்படாத மதிப்பீடு. ஒரே வருஷத்தில், ஒரே கோப்பிலிருந்து, ஒருமுறை எடுத்தது. வேறு யாராவது இவ்வளவு சிறிய தரவிலிருந்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வந்தால், சிவப்பு மையை எடுத்து விளிம்பில் என்ன எழுதுவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இத்தனையும் அறிவுக்குச் சொன்னது. மனத்துக்கு வேறு கணக்கு. உறவினர்கள் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என்னாச்சு, அமெரிக்கா?" என்று அப்பளத்தை நொறுக்கியபடியே கேட்பார்கள். பெண்களுக்கு இதைவிடக் கஷ்டம்; இன்னும் ஒரு வருஷமா, அதற்குள் வரன் பார்க்கலாமே என்ற யோசனை கதவுக்குப் பின்னால் தொடங்கிவிடும். பெற்றோர்கள் எவரேனும் இதைப் படிப்பார்களாயின், அந்த ஒரு வருஷத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களே, ஒரு வாரம் துக்கம் காத்துக்கொள்ளுங்கள். அது தோல்வி மனப்பான்மை ஆகாது. யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் உறையை மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தபோது, அதற்குள் இருந்த செய்தி மாறவில்லை. நான்தான் சாப்பிடாமல் இளைத்தேன். என் தாயார், நூலகத்துப் புத்தகம் தொலைந்துவிட்டதோ என்று எண்ணி, அபராதம் கட்டக் காசு எடுத்து வைத்திருந்தாள்.

அந்தப் பெண் இப்போது காலை வேளைகளில் வருகிறாள். நோட்டில் புதிய அட்டவணை ஒன்று இருக்கிறது. நிரல்கள் நான்கல்ல, ஐந்து. ஐந்தாவதன் தலைப்பு: 'அங்கே எனக்கு யாரிடம் என்ன வேலை?' அதை நிரப்ப முடியாத இடங்களை அவளே அடித்துவிடுகிறாள். நோக்கவுரையின் முதல் பத்தியை நான் அடித்தேன். அவள் அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் விடமாட்டேன் என்று அரை மணி நேரம் வாதாடினாள். தாயாரின் ஏலச்சீட்டில் யார் எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்று பதினோரு வயதில் கணக்கு வைத்ததைப் பற்றிய வாக்கியம் அது. நான் தோற்றேன், வாக்கியம் இருக்கிறது.

உங்களில் எவரேனும் கும்பகோணத்துக்கு வருவதாயிருந்தால், காலை ஏழு மணி முதல் ஒன்பது வரை நான் திண்ணையில் இருப்பேன். நோக்கவுரையைக் கொண்டுவரலாம். முதல் பத்தியை வீட்டிலேயே அடித்துவிட்டு வந்தால் இருவருக்கும் நேரம் மிச்சம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியன் ஒருவன்

கும்பகோணம்,
வைகாசி மாதம்